‘சட்டப்படிதானே’ என்ற வாதம் யாருக்குச் செல்லும்?

கேட்கப்பட்ட கேள்வி இது: பெரிய நிறுவனங்கள் செய்வது வரித் தவிர்ப்பு, அது சட்டத்துக்கு உட்பட்டது, அரசின் உதவித்தொகையைப் பொய் சொல்லி வாங்குவது மோசடி, அது குற்றம், அப்படியிருக்க இரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுவனங்களைத் திட்டுவது எந்த வகையில் நியாயம், அது வெறும் வயிற்றெரிச்சல்தானே?

இதன் முதல் பாதியை நான் மறுக்கவில்லை. வருமானத்தை மறைப்பதும் பொய்க் கணக்கு எழுதுவதும் வரி ஏய்ப்பு. எல்லாவற்றையும் கணக்கில் காட்டிவிட்டு, சட்டத்தின் சொற்களுக்குள் நின்றபடியே வரியைக் குறைத்துக்கொள்வது வரித் தவிர்ப்பு. முன்னதற்குச் சிறைத்தண்டனை உண்டு; பின்னதில் ஆடிட்டருக்கான கட்டணம்தான் செலவு. ஆனால் கேள்வியில் உள்ள ஒப்பீடு சற்றே கோணலானது. ஒரு பக்கத்திலிருந்து சட்டத்துக்குள் நிற்பவரையும், மறுபக்கத்திலிருந்து சட்டத்தை மீறியவரையும் எடுத்து எதிரெதிரே நிறுத்தினால் தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிடுகிறது. ஏய்ப்பவரை மோசடிக்காரரோடும், சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்தும் நிறுவனத்தை அதேபோல் ஓட்டையைப் பயன்படுத்தும் உதவித்தொகைதாரரோடும், கணக்கில் தவறு செய்தவரைப் படிவத்தில் தவறு செய்தவரோடும் ஒப்பிட்டால்தான் நமக்கு எதன்மேல் கோபம் வருகிறது என்பது விளங்கும்.

இதை யாரும் சோதித்துப் பார்க்காமல் இல்லை. பிரிட்டனில் 1983 முதல் நடந்துவரும் சமூக மனப்பான்மை ஆய்வு ஒன்று உண்டு. 2017இல் வெளியான அதன் அறிக்கைக்காக மக்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்திக் குறைவாக வரி செலுத்துவது தவறா, சட்டத்தின் ஓட்டையைப் பயன்படுத்திக் கூடுதலாக உதவித்தொகை பெறுவது தவறா என்பவையே அவை. இரண்டிலும் சட்டம் மீறப்படவில்லை என்பது கேள்வியிலேயே சொல்லப்பட்டிருந்தது. முதலாவதைத் தவறு என்றவர்கள் 48 சதவீதம். இரண்டாவதைத் தவறு என்றவர்கள் 61 சதவீதம். ஆகவே, நம் கோபம் சட்டம் மீறப்பட்டதா இல்லையா என்பதைப் பார்த்து வருகிறது என்று சொல்லிக்கொள்வதில் பாதிதான் உண்மை. சட்டம் இருபுறமும் சமமாக இருக்கும்போதும் தராசின் ஒரு தட்டு தாழ்ந்தே இருக்கிறது.

பொதுமக்களின் மனம் சாய்ந்திருப்பது ஒருபுறம் இருக்கட்டும். சட்டமும் அதே பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதுதான் இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத செய்தி.

ஆங்கிலேயச் சட்டத்தில் வரித் தவிர்ப்பு என்றவுடன் எல்லோரும் மேற்கோள் காட்டுவது 1930களின் நடுவில் தீர்ப்பான வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் வழக்கை. கோமகன் தம் தோட்டக்காரருக்கு வாராவாரம் கூலி கொடுத்துவந்தார். வீட்டு வேலையாளுக்குத் தரும் கூலியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள முடியாது. ஆனால் பத்திரம் எழுதி உறுதியளித்த ஆண்டுத்தொகை என்றால் கழித்துக்கொள்ளலாம். எனவே கோமகன் ஒரு பத்திரம் எழுதினார். அந்தத் தோட்டக்காரர், அதே தோட்டம், அதே வேலை. வாரந்தோறும் கைக்கு வருவதும் ஏறத்தாழ அதே பணம். ஆவணத்தில் மட்டும் அது கூலி என்பது போய் ஆண்டுத்தொகை ஆகிவிட்டது. கூலியைத் தனியாகக் கேட்கவும் உமக்கு உரிமை உண்டு, ஆனால் கேட்க மாட்டீர் என்று நம்புகிறோம் என்ற பொருளில் ஒரு கடிதமும் கூடவே போயிற்று. அந்நாளில் நாட்டின் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை கோமகன் பக்கமே தீர்ப்பளித்தது. தம் மீது விழும் வரி குறையும்படி தம் விவகாரங்களை அமைத்துக்கொள்ள ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்று நீதிபதிகளில் ஒருவரான டாம்லின் பிரபு எழுதினார். அட்கின் பிரபு ஒருவர் மட்டுமே மாறுபட்டார்.

1981இல் ராம்சே வழக்கில் இந்த நிலைப்பாடு தளர்ந்தது. வரியைக் குறைப்பதைத் தவிர வேறு நோக்கமில்லாத செயற்கையான ஏற்பாடுகளைத் தனித்தனிப் படிகளாகப் பார்க்காமல் மொத்தமாகப் பார்க்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2013இல் பொதுவான தவிர்ப்புத் தடுப்பு விதி ஒன்றும் சட்டமாயிற்று. அந்த விதியின் வாசகத்தைக் கவனியுங்கள். ஓர் ஏற்பாடு முறைகேடானது என்று முடிவுகட்ட, அது நியாயமான நடவடிக்கையாக இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது. அதை நியாயமான நடவடிக்கை என்று ஒருவர் நியாயமாகக் கருதவே வழியில்லை என்ற அளவுக்குப் போக வேண்டும். சட்டம் படித்தவர்கள் இதை இரட்டை நியாயச் சோதனை என்பார்கள். சந்தேகத்தின் பலன் ஒருமுறைக்கு இருமுறை தரப்படுகிறது.

இனி மறுபக்கம். அதே நாட்டில் வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் என்ற உதவித்தொகையைப் பெற, சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டக் கூடாது. 20,000 பவுண்டு வைத்திருக்கும் ஒருவர் அதில் 8,000 பவுண்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு விண்ணப்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தை மகளுக்குத் தருவது முழுக்கச் சட்டபூர்வமானது. ஆனால் அதிகாரி கேட்பது அதையல்ல. எந்த எண்ணத்தில் கொடுத்தீர் என்று கேட்பார். உதவித்தொகை பெறுவதற்காகத்தான் கொடுத்தார் என்று முடிவானால், அந்த 8,000 பவுண்டு இன்னமும் அவர் கையிலேயே இருப்பதாகக் கொள்ளப்படும். இல்லாத பணத்தை இருப்பதாகக் கணக்கிட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படும். கடனை அடைத்திருந்தாலோ, அவர் நிலைமைக்கு நியாயமான செலவு என்று கொள்ளத்தக்க எதையாவது வாங்கியிருந்தாலோ விட்டுவிடுவார்கள். அங்கே நியாயச் சோதனை ஒற்றைதான், இரட்டை கிடையாது.

கோமகன் பத்திரத்தின் நோக்கம் என்னவென்று கேட்பது சட்டத்துக்கு அப்பாற்பட்டது என்றிருந்த காலம் போய், இன்று நோக்கத்தைக் கொஞ்சம் பார்க்கிறோம். உதவித்தொகைதாரரின் விஷயத்திலோ நோக்கம்தான் முதல் கேள்வி. எனவே, ‘சட்டப்படிதானே செய்தார்கள்’ என்று நிறுவனங்களுக்காகச் சொல்லும் வாதத்தை ஓர் ஏழை தனக்காகச் சொல்லிப் பார்த்தால் அது எடுபடாது. அவருக்கான சட்டத்தில் அந்த ஓட்டை முன்பே அடைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமென்றே இரு அளவுகோல் வைக்க வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதாக நான் நினைக்கவில்லை. வரிச் சட்டத்தை எழுதும்போது எதிரே வாதாட ஆள் இருந்தது. உதவித்தொகைச் சட்டத்தை எழுதும்போது இல்லை. அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

நிறுவனங்களின் தவிர்ப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம். 2012 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்ட புலனாய்வின்படி, ஸ்டார்பக்ஸ் பிரிட்டனில் 14 ஆண்டுகளில் 300 கோடி பவுண்டுக்கு மேல் விற்பனை செய்து, நிறுவன வரியாக 86 லட்சம் பவுண்டு மட்டுமே செலுத்தியிருந்தது. எதுவும் ஒளிக்கப்படவில்லை. லாபம் மூன்று வாய்க்கால்களில் வெளியேறியது. பெயரையும் செய்முறையையும் பயன்படுத்துவதற்கான ராயல்டியாக விற்பனையில் 6 சதவீதம் ஆம்ஸ்டர்டாமில் உள்ள தன் சொந்தக் கிளை நிறுவனத்துக்குப் போனது. காப்பிக்கொட்டை சுவிட்சர்லாந்தில் உள்ள இன்னொரு சொந்த நிறுவனத்திடமிருந்து 20 சதவீதம் கூட்டி வாங்கப்பட்டது. மூன்றாவது, குழுமத்துக்குள்ளேயே வாங்கிய கடனுக்கான வட்டி.

விளக்கத்துக்காக எளிய எண்களில் சொல்கிறேன். ஒரு கடை 100க்கு விற்கிறது. கொட்டை, வாடகை, சம்பளம் எல்லாம் போக 10 மிஞ்சுகிறது. இதில் 6 ராயல்டியாகவும், 2 கொட்டையின் கூடுதல் விலையாகவும், 2 வட்டியாகவும் போகட்டும். கடையின் லாபம் சுழி, வரியும் சுழி. பக்கத்திலேயே தனி ஒருவர் நடத்தும் கடையிலும் 100க்கு விற்று 10 மிஞ்சுகிறது. ஆனால் அவருக்கு ஆம்ஸ்டர்டாமில் இன்னொரு தாம் கிடையாது. அவர் அந்தப் பத்துக்கும் வரி கட்டிவிட்டுத்தான் அடுத்த கடை திறப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அந்த ஆண்டு நவம்பரில் ஸ்டார்பக்ஸ், அமேசான், கூகுள் ஆகிய மூன்றின் பிரதிநிதிகளையும் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அழைத்து விசாரித்தது. நாங்கள் சட்டவிரோதம் என்று குற்றம்சாட்டவில்லை, ஒழுக்கக்கேடு என்றுதான் குற்றம்சாட்டுகிறோம் என்ற பொருளில் குழுத் தலைவர் மார்கரெட் ஹாட்ஜ் பேசியது அப்போது பெரிதும் பேசப்பட்டது. டிசம்பரில் ஸ்டார்பக்ஸ் இரண்டு ஆண்டுகளில் சுமார் 2 கோடி பவுண்டு செலுத்துவதாக அறிவித்தது. இதை வெற்றி என்று சிலர் கொண்டாடினார்கள். எனக்கு அதுதான் உறுத்தியது. வரி என்பது சட்டம் கேட்பதால் கட்டுவது. வாடிக்கையாளர்கள் முகம் சுளித்ததால் ஒரு தொகையைத் தாமாகவே முடிவுசெய்து தருவதற்குப் பெயர் நன்கொடை.

‘ஆனால் அரசுகள் ஏமாறுவதில்லையே, தெரிந்துதானே அனுமதிக்கின்றன’ என்பது அடுத்த வாதம். ஆம், தெரிந்துதான். அதற்கு நெதர்லாந்தைப் போல் தெளிவான எடுத்துக்காட்டு வேறில்லை. அந்நாட்டின் வரித்துறைக்கு அப்போது இரண்டு வாசல்கள் இருந்தன எனலாம். ஒரு வாசலில் பன்னாட்டு நிறுவனங்கள் வரும். எங்கள் குழுமத்துக்குள் இந்த விலையில் கொடுக்கல் வாங்கல் செய்யப்போகிறோம், இதை ஏற்பீர்களா என்று கேட்கும். துறை ஆராய்ந்து முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் தரும். ஸ்டார்பக்ஸின் ஆம்ஸ்டர்டாம் நிறுவனம் ஒன்றுக்கு 2008இல் அப்படியோர் ஒப்புதல் கிடைத்தது. அது சட்டத்துக்குப் புறம்பான அரசுச் சலுகை, 2 முதல் 3 கோடி யூரோ வரை திரும்ப வசூலிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2015இல் உத்தரவிட்டது. 2019 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நிறுவனத்துக்குச் சலுகை கிடைத்தது என்பதை ஆணையம் நிரூபிக்கவில்லை என்பதே காரணம். குற்றம்சாட்டியவர்தான் நிரூபிக்க வேண்டும் என்பது நல்ல கோட்பாடு. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

அதே துறையின் இன்னொரு வாசலில், வேலைக்குப் போகும் பெற்றோருக்கான குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை வழங்கப்பட்டது. 2013இல் ஒரு கும்பல் உதவித்தொகையில் மோசடி செய்தது அம்பலமானதும், எல்லோர் மேலும் பிடி இறுகியது. பெற்றோர் தங்கள் பங்காகக் கட்ட வேண்டிய சிறு தொகையில் கொஞ்சம் குறைந்தாலோ, படிவத்தில் ஒரு கையெழுத்து விடுபட்டாலோ, அந்தச் சிறு பகுதியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த ஆண்டு வாங்கிய முழுத் தொகையையும் கேட்டார்கள். பல குடும்பங்களுக்கு அது பல்லாயிரம் யூரோ. வேலை, வீடு, மணவாழ்க்கை என்று வரிசையாக இழந்தவர்கள் உண்டு. யார்மீது சந்தேகப்படலாம் என்று தரம்பிரிக்கக் குடியுரிமை விவரமும் பயன்பட்டது என்பதையும், அது பாகுபாடு என்பதையும் அந்நாட்டின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் கண்டறிந்தது. ‘ஒரு சிறு குறை இருந்தாலும் முழுத் தொகையும் பறிபோகும்’ என்ற இந்த விளக்கத்தை நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றமே ஆண்டுக்கணக்கில் ஏற்றுக்கொண்டிருந்தது. அதைக் கைவிட்டது 2019 அக்டோபரில்தான். ஸ்டார்பக்ஸுக்குச் சாதகமான தீர்ப்பு வந்து ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து. 2021 ஜனவரி 15 அன்று பிரதமர் மார்க் ருட்டேவின் அரசு இதன் பொருட்டுப் பதவி விலகியது.

ஒரே துறை. ஒரு வாசலில் கணக்கைக் காட்டுவதற்கு முன்பே, இது சரி என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். மறுவாசலில் எது தவறு என்பதே பின்னால்தான் தெரியவரும். முன்னவரின் நிறுவனக் குழுமம் விலையை எப்படி நிர்ணயித்தது என்று விளக்கப் பல பக்க அறிக்கை எழுத வல்லுநர்கள் இருந்தார்கள். பின்னவரிடம் இருந்தது ஒரு பழைய ரசீதுக் கட்டு. தொகைகளை ஒப்பிட்டு, யாரால் அரசுக்கு அதிக இழப்பு என்று கணக்குப் போடுவதைவிட இந்த இரண்டு வாசல்களை ஒப்பிடுவது நியாயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது என்று நான் எண்ணுகிறேன்.

ஆஸ்திரேலியாவின் ‘ரோபோடெட்’ விவகாரம் இதற்கு அடுத்த படி. அங்கே உதவித்தொகை இருவார வருமானத்தைப் பொறுத்தது. ஆனால் வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். 2015இல் தொடங்கிய திட்டத்தில் கணினி அந்த ஆண்டு வருமானத்தை 26ஆல் வகுத்து, ஒவ்வொரு இருவாரத்துக்கும் சராசரி வருமானம் இவ்வளவு என்று கொண்டது. ஆண்டின் முதல் பாதியில் வேலையில்லாமல் உதவித்தொகை பெற்று, இரண்டாம் பாதியில் வேலை கிடைத்து 26,000 டாலர் சம்பாதித்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். வேலையில்லாத நாட்களிலும் இருவாரத்துக்கு 1,000 டாலர் சம்பாதித்து அதை மறைத்தவராக அந்த வகுத்தல் அவரைக் காட்டிவிடும். உடனே கடன் அறிவிப்பு வரும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர் பொறுப்பு. பல ஆண்டுகளுக்கு முந்தைய சம்பளச் சீட்டுகளை அவரே தேடி எடுக்க வேண்டும். அந்தக் கடை மூடப்பட்டிருந்தால், முதலாளி ஊரைவிட்டே போயிருந்தால், அவர் என்ன செய்வார்? 2019 நவம்பரில் இந்த முறைக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று அரசே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2023 ஜூலையில் விசாரணை ஆணையம் தந்த அறிக்கை, நியாயமும் இல்லாத சட்டமும் இல்லாத கொடூரமான ஏற்பாடு என்று அதைச் சாடியது. இங்கே சட்டத்தை மீறியது அரசு. குற்றவாளிகளைப் போல் கூனிக் குறுகி நின்றவர்கள் உதவித்தொகை பெற்றவர்கள்.

தொகைகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஆனால் இதில் இரு தரப்பாரும் எண்களைத் தமக்கு வசதியாக வளைப்பதுண்டு. 2013இல் லண்டன் கிங்ஸ் கல்லூரிக்கும் அரச புள்ளியியல் கழகத்துக்கும் இப்சோஸ் மோரி என்ற நிறுவனம் நடத்திய கருத்துக்கணிப்பில், வழங்கப்படும் உதவித்தொகையில் ஒவ்வொரு 100 பவுண்டிலும் 24 பவுண்டு மோசடியாகப் போகிறது என்று மக்கள் மதிப்பிட்டார்கள். அப்போதைய அரசு மதிப்பீடு 70 பென்ஸ், அதாவது 0.7 பவுண்டு. முப்பது மடங்குக்கும் மேலான பிழை. ஆனால் அந்த 70 பென்ஸையே இன்றும் தூக்கிப்பிடிப்பவர்கள் காலத்தைக் கவனிக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் சோதனைகள் தளர்ந்தன. 2023-24இல் மோசடியும் பிழையும் சேர்ந்து கூடுதலாக வழங்கப்பட்டது மொத்தத்தில் 3.7 சதவீதம், சுமார் 970 கோடி பவுண்டு. சின்னத் தொகை என்று இதைத் தள்ளிவிட முடியாது. மறுபக்கத்தில் 2022-23இல் வரவேண்டியதாயிருந்து வராமல் போன வரி சுமார் 3,980 கோடி பவுண்டு என்று வரித்துறை மதிப்பிட்டது. அதை அப்படியே பன்னாட்டு நிறுவனங்களின் தலையில் கட்டுவதும் தவறு. அதில் பெரும்பங்கு சிறு வணிகங்களுடையது.

எண்களைவிட, எதை எண்ணுகிறோம் என்பதே முக்கியம். உதவித்தொகைக் கணக்கில் மோசடி மட்டும் இல்லை. விண்ணப்பதாரரின் கைப்பிழையும் அதிகாரியின் பிழையும்கூட அந்த 3.7 சதவீதத்துக்குள் சேர்ந்திருக்கின்றன. வராமல் போன வரியைக் காட்டும் ‘வரி இடைவெளி’க் கணக்கிலோ, லாபத்தை எல்லை தாண்டி நகர்த்தும் ஏற்பாடுகளில் பிரிட்டிஷ் சட்டத்தால் தொட முடியாதவை சேர்க்கப்படுவதே இல்லை. ஒருவர் பிழை செய்தாலும் இழப்புப் பட்டியலில் ஏறுகிறார். இன்னொருவர் திட்டமிட்டுச் செய்தாலும், வெற்றிகரமாகச் செய்தால், பட்டியலிலிருந்தே மறைகிறார். பட்டியலுக்கு வெளியே உள்ளது எவ்வளவு என்பதற்கு ஒரு குறிப்பு வேண்டுமானால், 2015ஆம் ஆண்டில் பன்னாட்டு நிறுவனங்கள் தாயக நாட்டுக்கு வெளியே ஈட்டிய லாபத்தில் 36 சதவீதம், வரி மிகக் குறைந்த நாடுகளான வரிப் புகலிடங்களுக்கு நகர்த்தப்பட்டது என்று காப்ரியல் சுக்மன் முதலிய பொருளியலாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். உதவித்தொகைப் பக்கத்திலும் பட்டியலுக்கு வெளியே ஒன்று இருக்கிறது. கேட்டால் கிடைக்கும், ஆனால் கேட்கப்படாத பணம் அது. பிரிட்டனில் ஏழை முதியோருக்கான பென்ஷன் கிரெடிட்டுக்குத் தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதற்கு விண்ணப்பிப்பதே இல்லை. தகுதியிருந்தும் மூன்றில் ஒரு பங்கு வரிச்சலுகையை வெட்கப்பட்டுக் கேளாமல் விட்ட நிறுவனத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

மக்கள் ஏன் இப்படிச் சாய்கிறார்கள் என்று கேட்டால், பத்திரிகைகளும் அரசியல்வாதிகளும் தூண்டிவிட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். 1976 அமெரிக்கத் தேர்தல் பிரசாரத்தில் பல பெயர்களில் உதவி வாங்கிய ஒரு சிகாகோ பெண்ணின் கதையை, பின்னாளில் அதிபரான ரீகன் ஊர் ஊராகச் சொன்னது உண்மைதான். ஆனாலும் அதற்குக் கீழே இரண்டு காரணங்கள் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒன்று, போகும் பணம் கண்ணுக்குத் தெரியும், வராத பணம் தெரியாது. அரசு 100 கொடுத்தாலும், வரவேண்டிய 100ஐ விட்டுக்கொடுத்தாலும் கஜானாவுக்கு ஒன்றுதான். இதைக் காட்டத்தான் அமெரிக்கக் கருவூல அதிகாரி ஸ்டான்லி சர்ரி 1967இல் வரிச்சலுகைகளை ‘வரிச் செலவு’ என்று பெயரிட்டு அரசின் செலவுக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கச் சொன்னார். இரண்டாவது, கொடுத்து வாங்கும் உணர்வு. எல்லோரும் சேர்ந்து போட்ட பானையிலிருந்து எடுப்பவர் தானும் முடிந்ததைப் போட்டிருக்க வேண்டும் என்று நினைப்பது மனிதர்களிடம் ஆழமாக ஊறியது; அதைப் பொறாமை என்றோ கல்நெஞ்சம் என்றோ ஒதுக்க மாட்டேன். ஆனால் அந்த உணர்வை முழுதாகப் பிடித்துக்கொண்டு போனால் அது நிறுவனத்தின் வாசலிலும் வந்து நிற்கும். ஆம்ஸ்டர்டாமுக்குப் போன அந்த 6 சதவீத ராயல்டிக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? வணிகச்சின்னத்தை வேறொருவர் திருடினால் தண்டிக்கும் நீதிமன்றத்திலிருந்து வருகிறது. அந்த நீதிமன்றம் நடப்பது வரிப்பணத்தில்.

நிறுவனங்களின் சார்பில் சொல்லப்படும் வாதங்களில் வலுவானவை உண்டு, வலுவற்றவையும் உண்டு. பங்குதாரர்களுக்காக வரியை முடிந்த மட்டும் குறைப்பது இயக்குநர்களின் சட்டக் கடமை என்பது வலுவற்றது. பிரிட்டனின் 2006ஆம் ஆண்டு நிறுவனச் சட்டம், நிறுவனத்தின் வெற்றியை நோக்கிச் செயல்படும்போது சமூகத்தின் மீதான விளைவையும் நற்பெயரையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. வரியை அடியோடு வழித்தெடுக்கச் சொல்லவில்லை. நிறுவன வரியின் சுமை கடைசியில் தொழிலாளர் சம்பளத்திலும் விலையிலும் விழுகிறது என்ற வாதம் கனமானது. எவ்வளவு விழுகிறது என்பதில் பொருளியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் அது வரியையே எடுத்துவிட வேண்டும் என்பதற்கான வாதமாக இருக்கலாம். சிலர் மட்டும் கட்ட, சிலர் மட்டும் நழுவுவதற்கான வாதமாகாது. எல்லாவற்றையும்விட வலுவானது, பழி அரசுகளைச் சேர வேண்டும் என்பதுதான். ஆப்பிள் நிறுவனம் அயர்லாந்துக்கு 1,300 கோடி யூரோ செலுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஆணையம் 2016இல் சொன்னபோது, அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று வழக்காடியது அயர்லாந்து அரசு. 2024 செப்டம்பரில் இறுதித் தீர்ப்பு அதற்கு எதிராக வந்ததால்தான் பணம் அதன் கைக்குச் சேர்ந்தது. தனக்கு வரவேண்டியதை வேண்டாம் என்று சொல்ல ஓர் அரசு எட்டு ஆண்டுகள் போராடிய கதை இது.

எனவே கேள்வி கேட்டவருக்கு என் பதிலை இப்படி வரையறுத்துக்கொள்கிறேன். வரியைக் குறைக்கும் எல்லாமே இழிவானதல்ல. ஆராய்ச்சிக்குச் செலவிட்டால் வரி குறையும் என்று நாடாளுமன்றம் சொல்லியிருக்க, ஆராய்ச்சி செய்து குறைத்துக்கொள்ளும் நிறுவனம் தகுதியுள்ள உதவித்தொகையைக் கேட்டு வாங்கும் முதியவருக்குச் சமம். இருவருக்கும் சட்டம் எதை நினைத்து எழுதப்பட்டதோ அதுவே கிடைக்கிறது. லாபத்தை அது உண்டான இடத்திலிருந்து, ஆளும் இல்லாத அலுவலகமும் இல்லாத ஒரு தீவுக்குக் காகிதத்தில் அனுப்புவது, சேமிப்பை மகள் பெயருக்கு மாற்றிவிட்டு உதவித்தொகைக்கு வரிசையில் நிற்பதற்குச் சமம். உதவித்தொகை கேட்பவர் செய்தால் நோக்கத்தைக் கேட்டு மறுக்கும் நாம், நிறுவனம் செய்தால் ‘சட்டப்படிதானே’ என்று நகர்கிறோம். இதைச் சுட்டிக்காட்டுவதை வயிற்றெரிச்சல் என்று என்னால் ஏற்க முடியவில்லை. மோசடி செய்த உதவித்தொகைதாரரை விட்டுவிட வேண்டும் என்பதும் இதில் அடங்கவில்லை.

நிலைமை சீராகிவருகிறதா என்றால், எதிரெதிர்த் திசையில் நகர்கிறது என்பேன். 2021 அக்டோபரில் 136 நாடுகள், ஆண்டு வருவாய் 75 கோடி யூரோவைத் தாண்டும் குழுமங்கள் எங்கே லாபம் காட்டினாலும் குறைந்தது 15 சதவீத வரி கட்ட வேண்டும் என்று ஒப்புக்கொண்டன. பல நாடுகள் அதைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டன. 2025 ஜூனில் ஜி7 நாடுகள் அமெரிக்கத் தலைமையகம் கொண்ட குழுமங்களுக்கு அந்த ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளிலிருந்து விலக்குத் தர இணங்கின. அதே ஆண்டு ஜனவரியில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா ஒன்றின்படி, யுனிவர்சல் கிரெடிட், பென்ஷன் கிரெடிட் போன்றவை வரவாகும் வங்கிக் கணக்குகளைச் சலித்துப் பார்த்து, சேமிப்பு வரம்பைத் தாண்டியதாகத் தெரிபவர்களின் விவரத்தை வங்கிகளே அரசுக்குத் தர வேண்டும். மோசடி செய்ததாகச் சந்தேகம் எழுந்த பிறகு செய்யும் சோதனையல்ல இது. அந்த உதவித்தொகையைப் பெறுகிறார் என்பதே ஒருவரின் கணக்கைப் பார்க்கப் போதுமானதாகிறது.